ஐந்து லெஸ்லிகளில் ஒருவர்

அவருடைய பெயரை இதில் எழுதி ஒரு பிரயோஜனமும் இல்லை. எழுதினால் அது என் பெயராகவும் இருக்கும். என் அப்பா பெயரும் அதுதான். பாஸ்போர்ட்டில் என் பெயர் லெஸ்லி, அப்பா பெயர் வரும் இடத்திலும் லெஸ்லி, பிறந்த ஊர் லெஸ்லிபுரம். துபாய் ஏர்போர்ட்டில் முதல் தடவை இறங்கியபோது கவுண்டரில் இருந்தவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பக்கத்துக் கவுண்டர்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். ரெண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டுமா, கூடாதா என்று தெரியாமல் நின்றேன்.

அதனால் அவரை அத்தான் என்றே சொல்கிறேன். என் அக்காவைக் கட்டியவர். துபாயில் சோனாப்பூர் லேபர் கேம்பில் மூன்றரை வருஷம் எனக்கு மேல் கட்டிலில் படுத்தவர். செத்துப் பதினோரு மாசம் ஆகிறது. அந்தச் சாவைப் பற்றி எனக்கு ஒரு விஷயம் தெரியும். அதை அக்காவிடம் சொல்லாமலேயே பதினோரு மாசமும் போனில் பேசினேன். சாப்பிட்டியா, பிள்ளை பள்ளிக்கூடம் போனாளா, மழை பெய்ததா. சொன்னால் அதற்கப்புறம் அக்கா என்னோடு பேசுவாளா மாட்டாளா என்பதுதான் என் பயம்.

அத்தானைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். லெஸ்லி என்று யார் கூப்பிட்டாலும், எந்த லெஸ்லியைக் கூப்பிட்டாலும், அத்தான் எழுந்து போய்விடுவார்.

எங்கள் கேம்பில் ஐந்து லெஸ்லி. ஐந்து பேரும் ஒரே ஊர், ஒரே ஏஜென்ட் அனுப்பியது. எங்கள் ஊர்ப் பழக்கம் தெரியாதவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எங்களுடையது கடலோரம். எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை லைட்ஹவுஸ் வேலைக்கு வந்தாராம். ஜனங்கள் குடத்தோடு மூணு மைல் நடப்பதைப் பார்த்துவிட்டுக் கிணறு வெட்டச் சொன்னாராம். ஏழு இடத்தில் உப்பு, எட்டாவது இடத்தில் நல்ல தண்ணி. அந்த வருஷம் பிறந்த ஆம்பளைப் பிள்ளைகளுக்கெல்லாம் ஞானஸ்நானத்தில் அவர் பெயரை வைத்துவிட்டார்கள். துரை கப்பல் ஏறிப் போனார், திரும்பி வரவே இல்லை. கணக்கெடுக்க வந்த சர்க்கார் ஆள் இது என்ன ஊர் என்று கேட்டபோது, லெஸ்லி கிணத்து ஊர் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் லெஸ்லிபுரம் என்று எழுதிக்கொண்டு போனார். அதற்கு முன்னால் இருந்த பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. அன்றிலிருந்து வீட்டுக்கு மூத்த பையன் என்றால் லெஸ்லிதான். அப்பா லெஸ்லி, அவருக்குப் பிறக்கும் மூத்தவன் லெஸ்லி.

ஊரில் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. பட்டப்பேர் இருக்கிறது. கேம்பிலும் கட்டை லெஸ்லி, பவுடர் லெஸ்லி, கோழி லெஸ்லி என்று வைத்துக்கொண்டோம். நான் சின்ன லெஸ்லி. அத்தானுக்கு மட்டும் ஒன்றும் ஒட்டவில்லை. எதை வைத்துக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிற மனுஷனுக்கு எதற்குத் தனியாக ஒரு பட்டப்பேர்?

சர்ச்சில் ஒரு நாள் பாஸ்டர், "பிரதர் லெஸ்லி வந்து சாட்சி சொல்லுவார்" என்றார். கோழி லெஸ்லிக்குக் கிட்னியில் கல் இருந்து, ஜெபம் பண்ணி, அது வெளியே வந்திருந்தது. அவன் பாத்ரூம் போயிருந்தான். அத்தான் எழுந்து நேராக மைக்குக்குப் போனார். கல் எப்படி வலித்தது, எப்படிப் புரண்டது, எப்படி வெளியே விழுந்தது என்று பத்து நிமிஷம் சொன்னார். முன்வரிசையில் ஒரு நர்ஸம்மா அழுதே விட்டார்கள். கோழி லெஸ்லி திரும்பி வந்து வாசலில் நின்று தன் கல்லைப் பற்றித் தானே கேட்டுக்கொண்டிருந்தான்.

பஸ்ஸில் அவன் கத்தினான். "யோவ், அது என் கல்லுய்யா!"

"கூப்பிட்டாவள்லா டே. மைக்க வச்சிக்கிட்டு நிக்காவ, ஒருத்தனும் எந்திரிக்கலன்னா அவியளுக்கு அசிங்கமா இருக்காதா?"

"உமக்குக் கல்லே கிடையாது!"

"உனக்கு வலிச்சப்போ யாரு பக்கத்துல இருந்தா? நாந்தான இருந்தேன். எனக்குத் தெரியாததா?"

இப்படி இருந்தால் சிரிக்கலாம். எல்லாமே இப்படி இல்லை.

அத்தானுக்கு ஸ்கஃபோல்டிங் வேலை. கட்டடத்தைச் சுற்றிப் பைப்பால் சாரம் கட்டுவது. எனக்கும் அதே வேலை, நான் அவருக்கு ஹெல்பர். ஒரு தடவை சாரத்தில் ரெண்டு கிளாம்ப் இறுக்காமல் விட்டிருந்தது. விட்டது கட்டை லெஸ்லி. ஃபோர்மேன் கீழே நின்றுகொண்டு, "லெஸ்லி! இதர் ஆவ்!" என்று கத்தினான். கட்டை லெஸ்லி தண்ணி கேன் பக்கம் பதுங்கினான். அத்தான் இறங்கிப் போனார். ஃபோர்மேன் அவர் அம்மாவை இழுத்துத் திட்டினான். அத்தான் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அச்சா பாய், அச்சா பாய்" என்றார். ஒரு மாசம் அவரை யார்டில் பைப் துடைக்கப் போட்டார்கள். பதினாறு வருஷ அனுபவம் உள்ள ஆளை.

ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன். "அத்தான், நான் இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா வாயி வெந்தா போயிரும்?"

"அவன் போயிருந்தா எதுத்துப் பேசிருப்பான் மாப்ள. பேசினா அன்னைக்கே டிக்கெட் போட்டு அனுப்பிருவான். நான்னா சும்மா நிப்பேன். திட்டுறவனுக்கு முன்னால நிக்க ஒரு ஆளு வேணும், அவ்ளோதான்."

"அந்த ஆளு ஏன் எப்பவும் நீங்களா இருக்கணும்?"

அத்தான் என் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தார். இதுதான் அவரிடம் எனக்கு எரிச்சல். சண்டை போடக்கூட விடமாட்டார். நல்லவர் என்று எல்லோரும் சொல்வார்கள். கூட இருந்து பார்த்தால்தான் தெரியும், அந்த நல்லவரைப் பார்த்து எத்தனை தடவை பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது என்று.

எங்கள் சைட்டுக்குப் புதிதாக ஒரு சேஃப்டி ஆபீசர் வந்தார். ஸ்காட்லாந்துக்காரர். தோல் எல்லாம் சிவந்து உரிந்திருக்கும். முதல் நாள் பேர் பட்டியல் வாசித்தவர், லெஸ்லி என்றதும் ஐந்து கை தூக்கியதைப் பார்த்து வாசிப்பதை நிறுத்திவிட்டார். ஸ்டோரில் இருக்கும் மலையாளி இங்கிலீஷை எங்களுக்குச் சொன்னான். லெஸ்லி என்பது துரையின் வீட்டுப் பெயராம், அவர் குடும்பத்துக்கே உள்ள பெயர். அதற்கும் முன்னால் அது ஒரு ஊர்ப் பெயராம். அந்த ஊர் இன்னும் இருக்கிறதாம், சேஃப்டி ஆபீசர் அதைத் தாண்டி பஸ்ஸில் போயிருக்கிறாராம். ஊர்ப் பெயர் குடும்பத்துக்கு வந்து, அதை நாங்கள் ஆளுக்கு வைத்து, ஆளிடமிருந்து மறுபடி ஊருக்கு வைத்திருக்கிறோம். அவருக்கு ஒரே ஆச்சரியம். செல்போனில் எங்கள் ஐந்து பேரையும் போட்டோ எடுத்தார். பிறகு கேட்டார், "அப்படியானால் கிணறு வெட்டிய அந்த ஆளின் சொந்தப் பெயர் என்ன?"

நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். அத்தான்தான் முன்னால் போனார். "சார், வாட்டர் கிவிங். நேம் மாஃபி."

தண்ணி கொடுத்தார், பேர் இல்லை. சைட்டே சிரித்தது. ரொம்ப நாளைக்கு யாராவது எதையாவது மறந்தால் 'நேம் மாஃபி' என்பதுதான் எங்களுக்குள் கேலி. ஆனால் அன்று சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டே அத்தான் கேட்டார்:

"அந்த மனுசன அவரு அம்மா என்னன்னு கூப்பிட்டிருப்பா மாப்ள?"

"யாருக்குத் தெரியும்."

"ஒருத்தருக்கும் தெரியாதுல்லா. இத்தன பேரு அவரு பேர வச்சிருக்கோம். அவரு பேரு நமக்குத் தெரியாது."

அவர் அப்படியெல்லாம் பேசுகிற ஆள் இல்லை. அதனால் ஞாபகம் இருக்கிறது.

இனி நான் சொல்லாமல் வைத்திருந்த விஷயம்.

உயரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை மெடிக்கல் உண்டு. பிரஷர், சுகர், நெஞ்சில் வயர் ஒட்டி எடுக்கிற ஈ.சி.ஜி. இதில் ஃபெயிலானால் மேலே ஏற விடமாட்டார்கள். ஸ்கஃபோல்டருக்கு மேலே ஏற முடியாவிட்டால் கலாஸ், ஊருக்குப் போக வேண்டியதுதான். கேம்பிலேயே மெஸ் ஹாலில் வைத்து எடுத்தார்கள். எங்கள் பத்தாக்காவை, அதாவது அடையாள அட்டைகளை, கேம்ப்பைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் முன்னாலேயே வாங்கி நர்ஸ் மேசையில் அடுக்கிவிட்டார். நர்ஸ் பிலிப்பைன்ஸ் பொண்ணு. மேலே இருக்கிற அட்டையை எடுத்து, போட்டோவைப் பார்க்காமல் பெயரை மட்டும் வாசிக்கும். அது, "லெஸ்லி லெஸ்லி" என்று கூப்பிட்டது. எங்கள் ஐந்து பேரில் மூன்று பேருக்கு அப்படித்தான் பெயர். அத்தான் எழுந்து போனார். அவர் எழுந்ததில் எனக்கு என்ன அதிசயம்? எப்போதும் அவர்தானே எழுவார். அரை மணி நேரம் கழித்து மறுபடி ஒரு "லெஸ்லி லெஸ்லி". நான் போனேன்.

ரெண்டு வாரத்தில் எனக்குப் பேப்பர் வந்தது. பிரஷர் ஜாஸ்தி, ஈ.சி.ஜி. சரியில்லை, மேலே ஏறக் கூடாது, ஆஸ்பத்திரியில் காட்டணும். எனக்கு இருபத்திமூணு வயசு. ஒரு மூட்டை சிமெண்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். ரூமில் எல்லோரும் பேப்பரைக் கை மாற்றிக் கை மாற்றிப் படித்தார்கள்.

"ஏல தாத்தா, எந்திரிச்சு நிக்காத, விழுந்துருவ!"

"சின்ன லெஸ்லிக்கு லவ்வுடே. அதான் வயர வச்சதும் துடிச்சிருக்கு!"

ரூமிலேயே அதிகம் சிரித்தது அத்தான்தான். நான் சிரிப்போடு சிரிப்பாக, "அத்தான், உங்க பேப்பர் எனக்கு வந்துட்டோ என்னவோ" என்றேன். "போலே, மிஷினு கோளாறு. போய் மறுபடி எடு, சரியா இருக்கும்" என்றார். போய் எடுத்தேன். சரியாக இருந்தது. மேலே ஏறினேன். பேப்பரைக் கிழித்துப் போட்டேன்.

நான் பொய் சொல்லவில்லை, அன்றைக்கே எனக்குத் தோன்றிவிட்டது. என் நெஞ்சு இல்லை என்றால் அது யார் நெஞ்சு? மிஷினா பொய் சொல்லும்? ஒரு நிமிஷம் தோன்றியது. கேட்டால் அத்தானை மறுபடி டெஸ்டுக்கு அனுப்புவார்கள், ஃபெயிலானால் ஊருக்கு அனுப்புவார்கள், அக்கா என்ன செய்வாள், வீடு பாதியில் நிற்கிறதே என்றும் அதே நிமிஷத்தில் தோன்றியது. அமுக்கிவிட்டேன். அவர் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை போடுவார். கேஸ் மாத்திரை என்பார். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நாலு மாசம்.

டூட்டி முடிந்து சைட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். நல்ல வெயில் இருந்தது. அத்தான் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினார். எல்லோரும்தான் தூங்கினோம். கேம்பில் பஸ் நின்றதும் டிரைவர், "யல்லா, யல்லா" என்றான். இறங்கினோம். கோழி லெஸ்லி திரும்பிப் பார்த்து, "லெஸ்லி, எந்திரிய்யா" என்றான். அவர் எழவில்லை. மறுபடி கூப்பிட்டான். நான் படியிலிருந்து திரும்பி ஏறினேன். கையைத் தொடுவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கூப்பிட்டு எழாமல் அவர் இருந்ததே கிடையாது.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எதையாவது உடைக்க வேண்டும் போல இருக்கிறது. உடலை ஊருக்கு அனுப்பப் போய் நின்ற ஒவ்வொரு கவுண்டரிலும் பேப்பரைத் திருப்பித் தள்ளினார்கள். பேர் ரெண்டு தடவை டைப் ஆகியிருக்கிறது என்றார் ஒருத்தர். பேர் வரும் இடத்தில் ஊர் வந்திருக்கிறது என்றார் இன்னொருத்தர். "பாய், அதுதான் பேரு, அதுதான் ஊரு" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கத்தினேன். அப்பா பேர்? லெஸ்லி. அவர் பேர் கேட்கவில்லை, அப்பா பேர் சொல்லு. லெஸ்லிதான்! கூட வந்த கம்பெனி ஆள் என் தோளைப் பிடித்து அமுக்கினார். நடுவில் ஆபீசில் யாரோ அவருக்குப் பதில் என் நம்பரைக் கேன்சல் செய்துவிட்டார்கள். காலையில் கேட்டில் என் கார்டு வேலை செய்யவில்லை. டைம்கீப்பர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "நீ இறந்துட்டியே" என்றான். ஒன்பது நாள் ஆனது பெட்டி ஊருக்குப் போய்ச் சேர.

ஊரில் எல்லோரும், "ஒரு நோய் நொடி இல்லாத மனுசன்" என்றே சொன்னார்கள். அம்மா போனில் ஒவ்வொரு தடவையும் சொல்வாள், ஒரு காய்ச்சல்னு படுத்ததில்லையே என்று. அக்கா மட்டும் சொல்ல மாட்டாள். அந்தப் பேச்சு வந்தால் வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். என் மேல் அவளுக்குச் சந்தேகம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் லீவு நாளில் ஷார்ஜா ரோலாவுக்குப் போனேன். அங்கே பார்க்கில் ஒரு ஓரமாக உட்கார்ந்து அக்காவைக் கூப்பிட்டேன். வருஷ நினைவு நாளுக்கு ஆராதனை வைக்க வேண்டும், கார்டு அடிக்க வேண்டும் என்று அவள் ஆரம்பித்தாள். கார்டில் 'திடீரென்று' என்று போடலாமா என்று கேட்டாள். அந்த வார்த்தையில் எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பர் வந்தது, சிரித்தது, தோன்றியது, அமுக்கியது, கிழித்தது. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். நான் அழுதுகொண்டேதான் சொன்னேன்.

அக்கா முழுவதையும் கேட்டாள்.

"எனக்குத் தெரியும்லே" என்றாள்.

"என்ன தெரியும்?"

"போன லீவுக்கு வந்தப்போவே பெரியாஸ்பத்திரில பாத்தாச்சி. நெஞ்சு சரியில்ல, மேல ஏறக்கூடாதுன்னு டாக்டரு சொன்னாவ. உங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டுத்தான் பிளேன் ஏறினாவ."

"அப்போ அந்த மெடிக்கல்..."

"உன் கார்டுதான் மேசையில மேல இருந்துச்சாம். அதுல உன் போட்டோவ உங்கத்தான் பாத்துட்டாவளாம். பேரக் கூப்பிட்டதும் எந்திரிச்சிட்டாவளாம். மாப்ள சின்னப்பய, திரும்ப எடுத்தா அவனுக்குச் சரியா வந்துரும், என் கார்டுக்கு அவந்தான் போனான், அவன் கணக்குல நானும் பாஸாயிருவேன்னு அன்னைக்கே எனக்குப் போன் போட்டுச் சொன்னாவ."

பார்க்கில் யாரோ பந்து உதைத்தார்கள். அது என் காலில் பட்டு ஓடியது. அடுத்தவனுக்காக எத்தனை தடவை எழுந்த மனுஷன். ஒரே ஒரு தடவை தனக்காக எழுந்திருக்கிறார், அதுவும் என் அட்டைக்கு. என்னைப் பார்த்து அவ்வளவு சிரித்தாரே, அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு?

"எனக்கு வேல போயிருந்தா?"

"அதத்தான் நானும் கேட்டேன். போவாதுன்னாவ."

"இவரு சொன்னாப் போவாதா? இவரு யாரு, கம்பெனி முதலாளியா? என்கிட்ட ஏங்க்கா சொல்லல?"

"நீ ஏம்ல என்கிட்டச் சொல்லல?"

பதினோரு மாசம் அவள் என்னிடம் மறைத்திருக்கிறாள், நான் அவளிடம் மறைத்திருக்கிறேன். செத்தவர் ரெண்டு பேரிடமும் ஒவ்வொன்றைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போய்விட்டார்.

"மனுசனா அவரு?" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

அக்கா சட்டென்று பிடித்துக்கொண்டாள். "நல்லாக் கேளு! வீட்டுல இருன்னு காலப் பிடிச்சேன்லே. இட்லிக்கட வச்சிப் பொழச்சிக்கிடலாம்னேன். கேட்டாவளா? எவன் கூப்பிட்டாலும் ஓடுத மனுசன், கட்டுன பொண்டாட்டி கூப்பிட்டா மட்டும் காது கேக்காது."

"நான் சொன்னாலும் கேக்காதுக்கா. ஒரு மாசம் பைப்பு துடைச்சாரு, தெரியுமா உனக்கு? எவனோ செஞ்ச தப்புக்கு."

"என்கிட்ட யார்டுல சுகமான வேலைன்னுல்லா சொன்னாவ! பொய்யி. எல்லாம் பொய்யி."

"கோழியோட கல்லுக்கு இவரு சாட்சி சொன்னாருக்கா!"

"ஐயோ, அது வேறயா?"

அரை மணி நேரம் இருக்கும். ரெண்டு பேரும் மாறி மாறி அவரைத் திட்டினோம். அவர் போன பிறகு அக்கா குரல் அவ்வளவு சத்தமாக வந்து நான் கேட்டதில்லை. நடுவில் அவள் அழுதாள், அழுதுகொண்டே திட்டினாள். எனக்குக் கோபம் குறையவில்லை, இப்போதும் குறையவில்லை. ஆனால் கோபப்பட ஒரு துணை கிடைத்தது.

சத்தம் கேட்டு அக்கா மகள் ஓடி வந்துவிட்டாள். ஐந்து வயசு. போனைப் பிடுங்கினாள்.

"மாமா, அம்மா யார ஏசுதா?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "உங்கப்பாவத்தான் மக்கா. நானும் சேந்து ஏசுதேன்."

"நானும் ஏசட்டா?"

"ஏசு."

போனை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டாள் போல, மூச்சு சத்தம் கேட்டது.

"லூசு அப்பா" என்றாள்.

அதற்கு மேல் அவளுக்கு ஏசத் தெரியவில்லை.